தோட்டா விலை ஏறும் என்கிறார்கள்: வீட்டில் எவ்வளவு இருப்பு வைப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டல்லாஸ் அருகே குடியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் ஒரு .22 ரைஃபிளும் வாங்கியிருக்கிறீர்கள். இறக்குமதி வரியால் விலை ஏறப்போகிறது, இப்போதே ஐயாயிரம் தோட்டா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். எச்1பி விசாவில் இருக்கும் அலுவலக நண்பரோடு செலவைப் பகிர்ந்து மொத்தமாக வாங்கி, உங்கள் வீட்டு கராஜில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். விலையைப் பற்றிய கேள்வியாக இது தோன்றினாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். இன்று வாங்காமல் விட்டால் நாளை கடையில் ஒன்றும் கிடைக்காமல் நிற்க நேருமா, வாங்குவதானால் எந்த அளவு நியாயமான அளவு என்பதே அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் டெக்சாஸில் 2007-ஆம் ஆண்டிலிருந்து கைத்துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு மேலாக வார இறுதிகளில் ஒரு சுடுதளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையும் செய்து வருகிறேன். வாங்கும் ஒவ்வொரு பெட்டியின் தேதியையும் விலையையும், மாதந்தோறும் சுட்ட எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். கீழே வரும் விலைகள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. நான் வழக்கறிஞர் அல்ல, தோட்டா வியாபாரியும் அல்ல. ஆகவே சட்டம் பற்றி நான் சொல்வதை எச்சரிக்கையாக மட்டும் கொண்டு, முடிவெடுக்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விலைக்கு முன்னால் உங்கள் நண்பரைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வியில் மிகவும் அவசரமான பகுதி அதுதான். குடியேற்றம் சாராத விசாவில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியை மட்டுமல்லாமல் தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. எச்1பி, எச்4, மாணவர் விசா எல்லாமே அந்த வகையில் அடங்கும். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் பரவலாகப் பயன்படுவது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமத்தை வைத்திருப்பது. விதிவிலக்கு இல்லாத ஒருவர் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம்தான். சட்டத்தின் வரையறையில் வெற்றுப் பித்தளைக் கூடு, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு, வெடிமருந்து என்று தனித்தனி உறுப்புகளும் தோட்டா என்றே கொள்ளப்படுகின்றன என்பதால், சுட்டு முடித்த கூட்டை நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோவதும் அவருக்கு ஆபத்து. அத்தகையவர் என்று தெரிந்தே அவருக்குத் தோட்டா கொடுப்பவரும் குற்றவாளியாகிறார். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. அதற்கும் மேலாக, இத்தகைய வழக்கு ஒன்று குடியேற்ற நிலையையே கெடுத்துவிடும். நண்பரிடம் வேட்டை உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பகிர்ந்து வாங்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். பணம் மட்டும்தான் அவருடையது, பொருள் என் வீட்டில்தான் இருக்கும் என்ற வாதத்தை நம்பி ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

இனி விலை. தோட்டா ஏன் சில மாதங்களில் கடையிலிருந்து மறைந்துபோகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எவ்வளவு வாங்குவது என்பது பாதி விளங்கிவிடும். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக் கூடு, செம்புப் போர்வையிட்ட ஈயக் குண்டு, புகையற்ற மருந்து, அடியில் பொட்டுப்போல் பதிந்திருக்கும் பிரைமர். முதல் இரண்டும் உலோக வேலை. எந்திரங்களைக் கூடுதல் நேரம் ஓட்டி ஓரளவு பெருக்கிவிடலாம். பிரைமர் அப்படியல்ல. லேசான அடிக்கே வெடித்துவிடும் ஈய ஸ்டிஃப்னேட் போன்ற சேர்மங்களை ஈர நிலையில் கையாண்டு, பல ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளர்கள் நிரப்ப வேண்டிய பொருள் அது. புதிய ஆலை எழுப்பப் பல ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்யும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: மின்னசோட்டாவின் அனோகாவில் ஃபெடரல், ஐடஹோவின் லூயிஸ்டனில் சி.சி.ஐ., அர்கன்சாவின் லோனோக்கில் ரெமிங்டன், இவற்றோடு வின்செஸ்டர். இவற்றில் முதல் மூன்றும் இன்று ஒரே முதலாளியின் கையில் உள்ளன. 2024 நவம்பரில் செக் நாட்டைச் சேர்ந்த செக்கோஸ்லோவாக் குழுமம் அவற்றை வாங்கியது. தேவை திடீரென்று இரட்டிப்பானால் இந்தச் சில ஆலைகளால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. இன்னும் இரண்டு ஆண்டில் அடங்கிவிடும் ஒரு பரபரப்புக்காக எந்த நிறுவனமும் கோடிக்கணக்கில் முதல் போடாது. தட்டுப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நான் நேரில் கண்ட வரையில் பெரிய தட்டுப்பாடுகள் மூன்று. 2008 நவம்பர்த் தேர்தலுக்குப் பிறகு வந்தது முதலாவது. இரண்டாவது, 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின், புதிய கட்டுப்பாடுகள் வரும் என்ற அச்சத்தில் தொடங்கியது. அதில் மிகவும் அடிபட்டது .22 தோட்டாதான். அதற்கு முன் ஐந்நூறு கொண்ட ஒரு பெட்டியை இருபது டாலருக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். பிறகு கடை திறக்கும் முன் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு சிறு பெட்டி என்று வாங்கினோம், அதுவும் ஓரிரு மாதம் அல்ல, ஆண்டுக்கணக்கில். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடித் தோட்டாக்களை வாங்கிக் குவித்து மக்களுக்குக் கிடைக்காமல் செய்கிறது என்ற வதந்தி அப்போது சுடுதளங்கள் எல்லாவற்றிலும் உலவியது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் விசாரித்து, அத்துறையின் கொள்முதல் அதன் ஆள்பலத்துக்கும் பயிற்சிக்கும் ஏற்ற அளவில்தான் இருந்தது என்று 2014-இல் அறிக்கை தந்தது. ஆனால் வதந்தி தன் வேலையை முடித்திருந்தது. வழக்கமாக இரண்டு பெட்டி வாங்குபவர் பத்துப் பெட்டி வாங்கினார். அடுத்து வந்தவருக்குக் கிடைக்காததால் வதந்தி உண்மையென்று ஆயிற்று. 2015-இல் பச்சை முனை கொண்ட எம்855 என்ற ரைஃபிள் தோட்டாவைத் தடைசெய்யும் முன்மொழிவு வந்து, 80,000-க்கு மேற்பட்ட கருத்துக்கடிதங்களுக்குப் பின் ஒரே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டபோதும் இதே கதைதான். தடை வரவில்லை, சரக்கு மட்டும் தீர்ந்துபோனது.

மூன்றாவது, 2020. பெருந்தொற்று, தெருப் போராட்டங்கள், தேர்தல் எல்லாம் ஒரே ஆண்டில் வந்தன. துப்பாக்கி வாங்குவோருக்கான எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைகள் 2019-இல் சுமார் 2.84 கோடி, 2020-இல் சுமார் 3.97 கோடி. முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்களே 84 லட்சம் பேர் என்று தொழில்துறைச் சங்கம் மதிப்பிட்டது. ஒவ்வொருவரும் பழகிப்பார்க்க நூறு தோட்டா மட்டும் வாங்கியிருந்தாலும் அது 84 கோடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் திவால் மனு கொடுத்தது. அதன் தோட்டாப் பிரிவு கைமாறி மீண்டும் முழு வேகம் பிடிக்கும் வரை அந்த அளவுக்குச் சந்தையில் வரத்துக் குறைந்தது. 2019-இல் நான் 20 சென்ட்டுக்கும் குறைவாக வாங்கிய 9 மி.மீ. பயிற்சித் தோட்டா 2021 தொடக்கத்தில் 70 சென்ட்டைத் தாண்டியது. அந்த ஜனவரியில், இனி குறையவே குறையாது என்று நம்பி, ஒன்று 78 சென்ட் வீதம் இரண்டாயிரம் வாங்கினேன். போட்டிகளும் அப்போது நின்றுபோயிருந்ததால் அதில் பாதிகூட அந்த ஆண்டில் சுடவில்லை. 2023-இல் அதே பிராண்டை 25 சென்ட்டுக்கு வாங்கினேன். ஆயிரம் டாலருக்கு மேல் வீணானது எனக்கு இன்றும் வருத்தம்தான். நீங்கள் அதே வழியில் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. தட்டுப்பாடு மீண்டும் வரும். வரும்போது 9 மி.மீ., .22, 5.56 என்று மக்கள் அதிகம் பயன்படுத்தும் அளவுகளே முதலில் மறையும். ஏறிய விலை இறங்குவதற்கு ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை ஆகலாம், ஆனாலும் இறங்கும். உறுதியாகச் சொல்ல முடியாதது, எப்போது வரும் என்பது. உங்கள் கடைக்காரர் சொல்லும் இறக்குமதி வரி பொய்யல்ல. மலிவான 9 மி.மீ. தோட்டாவில் கணிசமான பங்கு பிரேசிலின் மேக்டெக், செக் நாட்டின் செல்லியர் அண்ட் பெல்லோ, தென் கொரியாவின் பி.எம்.சி. போன்ற வெளிநாட்டு ஆலைகளிலிருந்து வருகிறது. 2025 ஆகஸ்ட் முதல் இறக்குமதியாகும் பாதி பதப்படுத்திய செம்புப் பொருள்களுக்கு 50 சதவீத வரியும் வந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பியப் படைகள் பீரங்கி மருந்துக்காக அதன் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸைப் பெருமளவில் வாங்குவதால் மருந்தின் விலையும் உயர்ந்தது. ஆனால் வரி பத்துச் சதவீதம் ஏறினால் கடை விலையும் பத்துச் சதவீதம் ஏறும் என்ற கணக்கு இந்தச் சந்தையில் செல்லாது. தேவை மந்தமாக இருக்கும் காலத்தில் நிறுவனங்கள் லாபத்தைக் குறைத்துக்கொண்டு தள்ளுபடி தருகின்றன. செலவு உயர்வதால் விலை சில சென்ட் நகரும். மும்மடங்காவது பயத்தால் மட்டும்தான். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நிறுத்தப்பட்டது ஒரு தனி வகை: ஏ.கே. ரக ரைஃபிளுக்கான 7.62×39 அளவில் மலிவான எஃகுக் கூட்டுத் தோட்டா மெல்ல மெல்ல மறைந்தது, பழைய விலைக்குத் திரும்பவில்லை. உங்கள் இரண்டு துப்பாக்கிகளையும் அது அதிகம் பாதிக்காது.

ஆகவே எவ்வளவு என்பதை விலையை வைத்து முடிவுசெய்யாமல், நீங்கள் சுடும் எண்ணிக்கையை வைத்து முடிவுசெய்யுங்கள். மாதம் இருமுறை சுடுதளம் போய், ஒவ்வொரு முறையும் நூறு 9 மி.மீ. தோட்டா சுட்டால் ஆண்டுக்கு 2,400 ஆகிறது. என் அனுபவத்தில், ஓராண்டுத் தேவை வீட்டில் இருந்தால் எந்தத் தட்டுப்பாட்டையும் கடந்துவிடலாம், ஏனெனில் நெருக்கடி வந்ததும் நாமே சிக்கனமாகி, ஓராண்டுச் சரக்கை இரண்டு ஆண்டு ஓட்டிவிடுவோம். நீங்கள் துப்பாக்கி வாங்கிச் சில மாதங்களே ஆவதால் உங்கள் உண்மையான வேகம் உங்களுக்கே இன்னும் தெரியாது. புதிதாக வருபவர்களில் பலர் முதல் மூன்று மாதம் வாரந்தோறும் வந்துவிட்டு, பிறகு மாதம் ஒருமுறைகூட வருவதில்லை என்பதை மேற்பார்வை மேசையிலிருந்து ஆண்டுதோறும் பார்க்கிறேன். எனவே ஐயாயிரம் வேண்டாம். இப்போது 9 மி.மீ. ஆயிரமும் .22 ஆயிரமும் வாங்குங்கள். பிறகு சுட்டதற்கு மேல் மாதம் நூறு நூறாகச் சேர்த்து ஓராண்டு இருப்பை எட்டுங்கள். விலை இறங்கியிருக்கும் மாதத்தில் சற்று அதிகமாகவும் ஏறிய மாதத்தில் குறைவாகவும் வாங்கினால் போதும். கடைகளில் வரிசை நிற்கும் வாரத்தில் மட்டும் வாங்காதீர்கள்; அது உங்கள் பணத்துக்கும் கேடு, அன்று உண்மையிலேயே ஒரு பெட்டி தேவைப்படும் இன்னொருவருக்கும் கேடு.

வாங்கும்போது பெட்டி விலையைப் பார்க்காமல், அனுப்பும் செலவும் வரியும் சேர்த்து ஒரு தோட்டாவுக்கு எத்தனை சென்ட் என்று வகுத்துப் பாருங்கள். தோட்டாவை அரசு அஞ்சலில் அனுப்ப முடியாது. தனியார் நிறுவனங்கள் தரைவழியாகவே கொண்டுவருவதால், இருநூறு தோட்டாவுக்கு ஆகும் அனுப்பும் செலவு மலிவான விலையின் லாபத்தை விழுங்கிவிடும். ஆயிரமாக வாங்கும்போதுதான் இணையக் கடை உள்ளூர்க் கடையை வெல்கிறது. டெக்சாஸில் தோட்டா வாங்கத் தனி அனுமதி தேவையில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குக் கடைகள் 21 வயது கேட்கும், அவ்வளவே. கலிஃபோர்னியாவுக்கோ நியூயார்க்குக்கோ குடிபெயர்ந்தால் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பின்னணிச் சோதனை உண்டு, கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் கூடுதலாக 11 சதவீத வரியும் உண்டு. எந்தப் பிராண்டானாலும் முதலில் ஐம்பது வாங்கி உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்த பிறகே ஆயிரம் வாங்குங்கள். குறிப்பாக .22 துப்பாக்கிகள் மிகவும் பிடிவாதமானவை. ஒரு பிராண்டை ஒரு குறையும் இல்லாமல் சுட்டுவிட்டு அடுத்ததில் பத்துக்கு ஒருமுறை சிக்கிக்கொள்ளும். உங்கள் சுடுதளத்தின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து, எஃகு இருப்பதால் ஒட்டும் தோட்டாக்களை உள்ளே விடாத இடங்கள் நிறைய உண்டு. கண்காட்சிகளில் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்கும், யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டாக்களை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மருந்து இரட்டிப்பாக விழுந்த ஒரு தோட்டா துப்பாக்கியைப் பிளந்ததையும், அதைப் பிடித்திருந்தவரின் கை கிழிந்ததையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்களே தோட்டா நிரப்பிப் பணம் மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், தட்டுப்பாட்டில் முதலில் காணாமல் போவது பிரைமர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கராஜ் வேண்டாம். டல்லாஸ் கோடையில் மூடிய கராஜின் வெப்பத்தில் தோட்டா தானாக வெடிக்காது. ஆனால் புகையற்ற மருந்தில், அது சிதையாமல் காப்பதற்கென்று சேர்க்கப்படும் நிலைப்படுத்தி வெப்பத்தில் விரைவாகத் தீர்கிறது. பகலும் இரவும் மாறி மாறிச் சூடேறுவதும் குளிர்வதுமாக இருந்தால் ஈரமும் உள்ளே சேர்கிறது. குளிரூட்டப்பட்ட வீட்டுக்குள், பூட்டுள்ள ஓர் அலமாரியில், ரப்பர் வளையம் போட்ட ராணுவப் பாணி உலோகப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் தோட்டா பல பத்தாண்டுகள் கெடாது. தொழிற்சாலை அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கொட்டாதீர்கள். அதில்தான் லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண், இருக்கிறது. தயாரிப்பாளர் ஒரு லாட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால் அந்த எண் இல்லாமல் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கிய மாதத்தை வெளியே எழுதி, பழையதை முதலில் சுடுங்கள். ஆயிரம் 9 மி.மீ. தோட்டா சுமார் 12 கிலோ எடை இருக்கும் என்பதால் மேல் தட்டில் அடுக்க வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா இன்னொரு பூட்டிலும் இருக்கட்டும். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குச் சுடத் தயாரான துப்பாக்கி கிடைக்கும்படி விடுவது டெக்சாஸ் சட்டப்படி குற்றம்; தோட்டாவைப் பிரித்து வைப்பது சட்டம் கேட்பதல்ல, நான் கேட்பது.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று உங்கள் மனைவி அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. குழலுக்குள் அடைபடாத தோட்டா தீயில் வெடிக்கும்போது குண்டு துப்பாக்கியிலிருந்து பாய்வதுபோல் பாய்வதில்லை. மெல்லிய கூடுதான் கிழிந்து, துணுக்குகள் குறைந்த வேகத்தில் சிதறுகின்றன. தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான ‘சாமி’ (SAAMI) இதை எரித்துச் சோதித்துக் காட்டியிருக்கிறது. தீயணைப்பு வீரரின் கவச உடை அதைத் தாங்கும், அருகில் நிற்கும் மற்றவரின் கண் தாங்காது. ஆகவே தீ ஏற்பட்டால் வீட்டைவிட்டு வெளியேறி, உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று வருபவர்களிடம் சொல்லுங்கள். குண்டு நிரம்பிய துப்பாக்கி தீயில் இருப்பது மட்டும் வேறு கதை; அது உண்மையாகவே சுடும்.

கடைசியாக ஒன்று, இந்தியாவுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு மட்டும். சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு .22 தோட்டா இந்திய விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி வழக்குப் பதிவாகிறது. தெரியாமல் நேர்ந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து விடுபட்டவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் விடுமுறையும் வேலையும் போய்விடும். நான் அந்தப் பைக்குச் சிவப்பு நாடா ஒட்டி, தோட்டா அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறேன், வீட்டில் வேறு யாரும் அவசரத்துக்கு எடுத்துத் துணி அடுக்கிவிடாதபடி.